கேட்காமல் பேசாத ரவுட்டர் வேண்டும்

புதிதாக ஒரு மெய்நிகர் ரவுட்டரை (பெட்டியாக அல்லாமல் மென்பொருளாக ஓடும் ரவுட்டரை) எழுப்பி, இரண்டு வெளி நிறுவனங்களுடன் பிஜிபி அமர்வை (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற தடங்களை வலையமைப்புகள் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறையின் இணைப்பை) மட்டும் அமைத்துவிட்டு, எதை ஏற்க வேண்டும், எதை அறிவிக்க வேண்டும் என்ற கொள்கை ஒன்றையும் எழுதாமல் விட்டால் அந்த ரவுட்டர் என்ன செய்யும்? சேவை வழங்குநர் வலையமைப்பில் வேலைக்கு வரும் இளைஞர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் "ஒன்றும் செய்யாது" என்ற பதிலே வருகிறது. உண்மையில் பதில், அதில் ஓடும் மென்பொருளைப் பொறுத்தது. சிஸ்கோவின் ஐ.ஓ.எஸ். என்றால், அது முதல் நிறுவனத்திடமிருந்து வந்த தடங்கள் அனைத்தையும் ஏற்று, அவற்றில் சிறந்தவற்றை இரண்டாவது நிறுவனத்துக்கு அறிவித்துவிடும். அந்தப் பக்கத்துத் தடங்களை இந்தப் பக்கத்துக்கும் அறிவிக்கும். இரண்டு பெரிய வலையமைப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டு, யாரும் கேட்காமலேயே, இணையத்தைச் சுமக்க முன்வந்துவிடும். அதே சிஸ்கோவின் ஐ.ஓ.எஸ். எக்ஸ்.ஆர். என்றால் ஒரு தடத்தையும் ஏற்காது, ஒன்றையும் அறிவிக்காது.

ஒரே நிறுவனத்தின் இரண்டு மென்பொருள்கள் ஒரே கேள்விக்கு நேரெதிரான பதில்களைத் தருகின்றன. இவற்றில் இரண்டாவதுதான் சரியானது என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ரவுட்டர் என்பது பெட்டியாக இருந்த காலத்தைவிட, நகலெடுக்கக்கூடிய ஒரு கோப்பாக மாறிவிட்ட இந்தக் காலத்தில் அது இன்னும் அழுத்தமாகச் சரியானது என்பதை விளக்கவே இந்தப் பதிவு.

பிஜிபியின் தாராளமான இயல்புநிலைக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த நெறிமுறை உருவான காலத்தில் அதை இயக்கியவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அமர்வு எழுந்ததும் தடங்கள் ஓடத் தொடங்குவதே அவர்களுக்கு வசதியாக இருந்தது. அந்த வசதியின் விலை 1997 ஏப்ரல் 25 அன்றே தெரிந்துவிட்டது. ஏ.எஸ். 7007 என்ற எண் கொண்ட ஒரு சிறிய வலையமைப்பு, பிறருடைய தடங்களைத் துண்டு துண்டாக்கித் தன்னுடையவை போல அறிவித்ததில் இணையத்தின் பெரும்பகுதி திணறியது. 2015 ஜூன் 12 அன்று டெலிகாம் மலேசியா ஏறத்தாழ 1,79,000 தடங்களை லெவல் 3 நிறுவனத்துக்குக் கசியவிட்டது. லெவல் 3 அவற்றை ஏற்றும் கொண்டது.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது 2019 ஜூன் 24 அன்று அமெரிக்காவில் நடந்த நிகழ்வு. பென்சில்வேனியாவின் டி.க்யூ.இ. என்ற வழங்குநர், தன் போக்குவரத்தைச் சீர்படுத்துவதற்காக ஒரு பிஜிபி மேம்படுத்தியைப் பயன்படுத்திவந்தது. இவ்வகை மென்பொருள் ஒரு பெரிய முகவரித் தொகுதியை இரண்டு சிறிய தொகுதிகளாகப் பிளந்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு வழியில் அனுப்ப முயலும், கிளவுட்ஃப்ளேரின் 104.20.0.0/20 அப்படித்தான் இரண்டு /21 துண்டுகளாகப் பிளக்கப்பட்டது. உள்ளேயே இருக்க வேண்டிய அந்தத் துண்டுகள், டி.க்யூ.இ.-யின் வாடிக்கையாளரான அலெகேனி டெக்னாலஜீஸ் என்ற உலோக நிறுவனத்துக்குப் போயின. அந்த நிறுவனத்துக்கு வெரைசனுடனும் இணைப்பு இருந்தது; ஆகவே துண்டுகள் வெரைசனுக்குப் போயின. வெரைசன் அவற்றை வடிகட்டாமல் ஏற்று உலகுக்கு அறிவித்தது. சிறிய தொகுதிக்கே முன்னுரிமை என்பது ரவுட்டரின் அடிப்படை விதி என்பதால், கிளவுட்ஃப்ளேர், அமேசான், லினோட் ஆகியவற்றுக்குப் போக வேண்டிய போக்குவரத்தில் கணிசமான பங்கு ஓர் உலோகத் தொழிற்சாலையின் இணைப்புக்குள் பாய்ந்தது.

கசிவு கடந்த மூன்று கதவுகளையும் கவனித்துப் பாருங்கள். டி.க்யூ.இ. வெளியே அனுப்பிய கதவு, அலெகேனி வெளியே அனுப்பிய கதவு, வெரைசன் உள்ளே ஏற்ற கதவு. இவற்றில் ஏதேனும் ஒன்றில் உரிய வடிகட்டி இருந்திருந்தால் அன்றைய பாதிப்பு அங்கேயே நின்றிருக்கும். இரண்டு வழங்குநர்களிடம் இணைப்பு வாங்கும் நிறுவனத்தின் ரவுட்டர், தனக்குச் சொந்தமான முகவரிகளை மட்டுமே வெளியே அறிவிக்க வேண்டும். அதை எழுதி வைக்கவில்லை என்றால், தாராள இயல்புநிலை கொண்ட ரவுட்டர் அந்த நிறுவனத்தையே இடைவழியாக்கிவிடும்.

இதற்கான தீர்வு 2017 ஜூலையில் ஆர்.எஃப்.சி. 8212 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்தது. ஆவணம் மிகச் சிறியது. சொல்வதும் ஒன்றே ஒன்றுதான். வெளி பிஜிபி அமர்வில் (வேறொரு ஏ.எஸ். எண் கொண்ட முனையுடனான அமர்வில்) உள்வரும் கொள்கை வெளிப்படையாக எழுதப்படாவிட்டால், அங்கிருந்து வரும் தடங்கள் தேர்வுக்கே தகுதி பெறக்கூடாது. வெளிச்செல்லும் கொள்கை எழுதப்படாவிட்டால் எந்தத் தடமும் அறிவிக்கப்படக்கூடாது. வாடிக்கையாளர், சக வலையமைப்பு, கூட்டமைப்பின் எல்லை (ஒரே வலையமைப்பைப் பல ஏ.எஸ்.களாகப் பிரித்த எல்லை) என எந்த வெளி அமர்வானாலும், எந்த முகவரிக் குடும்பமானாலும் இதே விதி. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வலையமைப்புகள் மென்பொருளைப் புதுப்பித்தவுடன் இருண்டுவிடக் கூடாது என்பதற்காக, மாற்றத்தை இரண்டு வெளியீடுகளில் படிப்படியாகச் செய்யும் முறையையும் அதன் பின்னிணைப்பு சொல்கிறது: முதல் வெளியீட்டில் பழைய நடத்தைக்கு ஒரு வெளிப்படையான அமைப்புவரியைக் கொடுங்கள், அடுத்த வெளியீட்டில் புதிய நிறுவல்களுக்கு மட்டும் அதை அணைத்து வையுங்கள். பிறர் வலையமைப்பை உடைக்காமல் பாதுகாப்பைக் கூட்டும் இந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

திறந்த மூல மென்பொருள்கள் இதில் முந்திக்கொண்டன. பேர்ட் அதன் 2.0 பதிப்பிலேயே வெளி அமர்வுகளுக்குக் கொள்கையைக் கட்டாயமாக்கியது. ஓப்பன்பிஜிபிடி 2018-இல் மறுப்பதையே இயல்பாக்கியது. எஃப்.ஆர்.ஆர். 2020-இல் வந்த 7.4 பதிப்பில் இதைச் செய்தது. ஜூனிபர் நிறுவனத்தின் ஜூனோஸிலோ தடுக்கும் கட்டளை வந்துவிட்டது, ஆனால் அதை நாமே இட வேண்டும். இடாவிட்டால் பழைய தாராளம்தான்.

இனி மெய்நிகராக்கத்துக்கு வருகிறேன். ஒரு ரவுட்டரைப் பலவாக்குவதற்கு வழிகள் பல. ஒரே பெட்டிக்குள் தட அட்டவணைகளை மட்டும் பிரிப்பது வி.ஆர்.எஃப். ஜூனிபரின் தருக்க அமைப்புகள் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொன்றுக்கும் தனித் தடச் செயல்முறையைக் கொடுக்கின்றன. முதன்மை அமைப்பைத் தவிர 15 வரை உருவாக்கலாம். வி.ஆர்.எஃப்.களில் அந்தச் செயல்முறை பொதுவானது. அது விழுந்தால் எல்லா வி.ஆர்.எஃப்.களும் சேர்ந்தே விழும். மூன்றாவது, ரவுட்டர் மென்பொருளையே சர்வரில் மெய்நிகர் கணினியாகவோ கன்டெய்னராகவோ (தனித்து ஓடும் மென்பொருள் பொதியாகவோ) ஓட்டுவது. 2012 அக்டோபரில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சேர்ந்து வலையமைப்புச் செயல்பாடுகளின் மெய்நிகராக்கத்தை முன்வைத்ததிலிருந்து இந்த மூன்றாவது வழி பரவலாகிவிட்டது. தடப் பிரதிபலிப்பான்களுக்கு இது மிகவும் பொருந்துகிறது. அவை பொதுவாகப் பாக்கெட்டுகளைச் சுமப்பதில்லை, தடங்களைக் கேட்டு மறுபடி சொல்வதே அவற்றின் வேலை, அதற்கு நினைவகமும் நல்ல செயலியும் போதும்.

பெட்டி வாங்கிய காலத்தில் ஒரு ரவுட்டர் வலையமைப்புக்குள் வருவதற்குக் கொள்முதல் ஆணை, சரக்கு, ரேக்கில் பொருத்துதல், கேபிள் என்று வாரக்கணக்கில் ஆகும். அந்தத் தாமதமே ஒரு காவலாக இருந்தது. அதற்குள் நான்கு பேராவது அமைப்புக் கோப்பைப் பார்த்துவிடுவார்கள். இப்போது ஒரு படிமத்திலிருந்து (முன்கூட்டியே தயாரித்து வைத்த மென்பொருள் கோப்பிலிருந்து) ரவுட்டர் எழ சில நிமிடங்கள் போதும், பத்து ரவுட்டர்களுக்கும் அதே நேரம்தான். நாற்றங்காலில் பிடித்த நோய் நடவு முடிந்ததும் வயல் முழுக்கத் தெரிவதைப் போல, படிமத்தில் பதிந்த இயல்புநிலை ஒவ்வொரு நகலிலும் அப்படியே முளைக்கிறது. ஆகவே, யாரும் எழுதாமலேயே நடைமுறைக்கு வரும் அந்த இயல்புநிலைதான் மெய்நிகர் வலையமைப்பில் மிகப் பெரிய பரப்பில் செயல்படும் கொள்கை.

எஃப்.ஆர்.ஆர்.-இல் இதை மிக நெருக்கமாகப் பார்க்கலாம். அந்த மென்பொருளுக்கு இரண்டு இயல்புத் தொகுப்புகள் உண்டு: ஒன்று டிரெடிஷனல், மற்றது டேட்டாசென்டர். அமைப்புக் கோப்பின் தொடக்கத்திலேயே எந்தத் தொகுப்பு என்ற வரி இருக்கும். முதல் தொகுப்பில் ஆர்.எஃப்.சி. 8212 விதி செயல்படும், இரண்டாவதில் செயல்படாது. அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. தரவு மையத்துக்குள் லீஃப், ஸ்பைன் என்று அடுக்கப்பட்ட ஸ்விட்சுகள் தமக்குள் வெளி பிஜிபியைத்தான் பேசுகின்றன, ஆனால் அனைத்தும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பவை. அங்கே ஒவ்வொரு இணைப்புக்கும் கொள்கை எழுதச் சொல்வது வீண் வேலை. அமர்வு நேரங்களும் அதற்கேற்ப மாறுகின்றன: டிரெடிஷனலில் 60 விநாடிக்கு ஒரு உயிர்ச்செய்தி, அது வராவிட்டால் அமர்வை அறுப்பதற்கு முன் 180 விநாடி காத்திருப்பு, டேட்டாசென்டரில் 3 விநாடி, 9 விநாடி.

இப்போது தரவு மையக் குழு செய்து வைத்த கன்டெய்னர் படிமத்தை எடுத்து, வாடிக்கையாளர்களை இணைக்கும் விளிம்பு ரவுட்டராக யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று வையுங்கள். படிமம் சோதனையில் அருமையாக ஓடும். அமர்வுகள் உடனே எழும், தடங்கள் உடனே பாயும். கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் அந்த ஒற்றை வரி ஒரு வாடிக்கையாளரின் தடங்களை இன்னொரு வாடிக்கையாளருக்கும், மேல்வழங்குநரின் (நமக்கு இணைய இணைப்பு தருபவரின்) தடங்களைச் சக வலையமைப்புக்கும் திறந்துவிட்டிருக்கிறது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மெய்நிகர் கணினியை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு ஓட்டத்திலேயே நகர்த்தும்போது ஏற்படும் சிறு இடைநிறுத்தத்தை 180 விநாடி காத்திருப்பு எளிதில் தாங்கும், 9 விநாடிக் காத்திருப்பு தாங்காமல் போகலாம் என்பது அதே வரி கொண்டுவரும் இன்னொரு தொல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. டிரெடிஷனல் தொகுப்பில் கொள்கை எழுதாமல் அமர்வை எழுப்பினால், பிஜிபி சுருக்க அட்டவணையில் தடங்களின் எண்ணிக்கை வர வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் பாலிசி என்ற சொல் நிற்கும். ரவுட்டர் தெளிவாகப் பேசும் இடம் அது: நீங்கள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, ஆகவே நான் எதையும் செய்யவில்லை. ஆனால் அவசரத்தில் இருப்பவர் அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு வலையில் தேடுகிறார். கட்டாயத்தை நீக்கும் ஒற்றை வரிக் கட்டளை எங்கும் கிடைக்கிறது. இட்டவுடன் தடங்கள் வந்துவிடுகின்றன. ஆய்வகத்தில் அந்த வரியை இடுவதில் தவறில்லை. ஆய்வகக் கோப்பே பின்னர் உற்பத்திப் படிமமாக உயர்த்தப்படும்போதுதான் ஆபத்து. பெட்டிக் காலத்தில் ஆய்வகமும் உற்பத்தியும் வெவ்வேறு இரும்புகள். இப்போது இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கோப்பை நகலெடுக்கும் தூரம்தான்.

ஐ.ஓ.எஸ். எக்ஸ்.ஆர். பயனர்களிடமும் இதே பழக்கத்தைக் காணலாம். அங்கே கட்டாயத்தை நீக்குவதற்குப் பதிலாக, எல்லாவற்றையும் அனுமதிக்கும் "பாஸ்-ஆல்" என்ற கொள்கையை எழுதி இரண்டு திசைகளிலும் ஒட்டிவிடுகிறார்கள். விதியின் எழுத்து நிறைவேறிவிடுகிறது, நோக்கம் காணாமல் போகிறது. ஆனாலும் பாஸ்-ஆல் இருக்கும் நிலையை, கொள்கையே இல்லாத நிலையைவிட மேலானது என்றே நான் கருதுகிறேன். அந்தப் பெயர் அமைப்புக் கோப்பில் எழுத்தாக நிற்கிறது. அதைத் தேடலாம், எண்ணலாம், மறுஆய்வில் சுட்டிக்காட்டி ஏன் என்று கேட்கலாம். இல்லாத ஒன்றைத் தேட முடியாது.

வி.ஆர்.எஃப்.-க்கு வரும்போது, பாதுகாப்பான இயல்புநிலை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் கைக்கருகிலேயே ஒரு நல்ல முன்னுதாரணம் இருப்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எம்.பி.எல்.எஸ். மூன்றாம் அடுக்கு வி.பி.என்.-ஐ (வழங்குநர் தன் பொதுக் கம்பிகளில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தரும் தனி வலையமைப்பை) வரையறுக்கும் ஆர்.எஃப்.சி. 4364 முறையில், ஒவ்வொரு வி.பி.என். தடமும் ரூட் டார்கெட் என்ற அடையாளத்தைச் சுமந்து வருகிறது. விளிம்பு ரவுட்டரில் உள்ள எந்த வி.ஆர்.எஃப்.-உம் அந்த அடையாளத்தை இறக்குமதி செய்வதாகச் சொல்லவில்லை என்றால், ரவுட்டர் அந்தத் தடத்தை எறிந்துவிடுகிறது. புதிதாக உருவாக்கிய வி.ஆர்.எஃப்., அடையாளம் எழுதப்படும்வரை வேறெந்தத் தளத்தின் தடத்தையும் பெறாது. ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் தனி வலையமைப்புகள் ஒரே வழங்குநரின் கம்பிகளில் கலக்காமல் ஓடுவதற்கு இந்த மறுப்புதான் முக்கியக் காரணம். சொன்னால்தான் திறக்கும் என்ற அதே ஒழுங்கு, வி.ஆர்.எஃப்.-க்குள் வாடிக்கையாளருடன் பேசும் வெளி பிஜிபி அமர்வில் மட்டும் பல மென்பொருள்களில் இல்லாமல் போனது எனக்கு இன்றுவரை வருத்தம் தருகிறது.

லினக்ஸில் வி.ஆர்.எஃப். கட்டுபவர்கள் இதைவிட நுட்பமான ஒரு பள்ளத்தை அறிந்திருக்க வேண்டும். 2015-இல் வந்த 4.3 கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) முதல் வி.ஆர்.எஃப். ஒரு சாதனமாகக் கிடைக்கிறது; வாடிக்கையாளரின் இடைமுகத்தை அதனுடன் பிணைத்து, அதற்கென ஒரு தட அட்டவணையைக் கொடுக்கிறோம். பாக்கெட் வந்ததும் கர்னல் விதிகளை வரிசையாகப் பார்த்து, வி.ஆர்.எஃப். அட்டவணையில் தடத்தைத் தேடும். அங்கே தடம் கிடைக்காவிட்டால் தேடல் அதோடு முடிவதில்லை. அடுத்த விதிக்கு நகர்ந்து, முதன்மை அட்டவணையிலும் தேடும். முதன்மை அட்டவணையில் இணையத்துக்கான பொதுத் தடம் (வேறு தடம் பொருந்தாதபோது பயன்படுவது) இருந்தால், ஒரு நிறுவனத்தின் தனி வலையமைப்புக்குள் மட்டுமே போக வேண்டிய பாக்கெட் அந்த வழியாக வெளியேறும். வாடிக்கையாளரின் ஒரு கிளை இணைப்பு அறுந்து அதன் தடம் நீங்கிய நேரத்தில்தான் இது நடக்கும் என்பதால், எல்லாம் சரியாக ஓடும்போது செய்த சோதனையில் அகப்படாது.

இதைத் தடுக்க, ஒவ்வொரு வி.ஆர்.எஃப்.-இன் அட்டவணையிலும் "அடைய முடியாதது" என்ற பொதுத் தடத்தை மிக உயர்ந்த மெட்ரிக்குடன் (எண் கூடினால் முன்னுரிமை குறையும்) வைக்க வேண்டும். கர்னலின் ஆவணமே 4278198272 என்ற எண்ணைப் பரிந்துரைக்கிறது. எஃப்.ஆர்.ஆர். அந்த எண்ணின் மேல் பைட்டை நிர்வாகத் தொலைவாக (தடம் வந்த மூலத்துக்குத் தரும் முன்னுரிமை எண்ணாக) படிப்பதால் அது 255 ஆகத் தெரியும். ஆகவே நெறிமுறை வழியாக உண்மையான பொதுத் தடம் வந்தால் அது எளிதில் வென்றுவிடும், வராவிட்டால் பாக்கெட் அங்கேயே கைவிடப்படும். அழகான தீர்வு, ஆனால் கைமுறையாக இட வேண்டியது. வி.ஆர்.எஃப்.-ஐ உருவாக்கும் நிரலில் இந்த வரி அட்டவணையோடு சேர்ந்தே பிறக்க வேண்டும். பிறகு நினைவில் வைத்து இடுவோம் என்று விடக்கூடாது.

இயல்புநிலை என்பது கொள்கை சார்ந்தது மட்டுமல்ல என்பதற்கு 2014 ஆகஸ்ட் 12 சான்று. சிஸ்கோவின் 6500, 7600 வரிசைப் பெட்டிகளில் பல, தடங்களுக்கான வன்பொருள் நினைவகத்தில் ஐ.பி.வி4-க்கு 512 ஆயிரம் இடங்களை மட்டுமே இயல்பாக ஒதுக்கியிருந்தன. பிரிப்பை மாற்றலாம், மறுதொடக்கம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். இணையத்தின் அட்டவணை அன்று அந்த எல்லையைத் தாண்டியபோது, மாற்றாமல் விட்டிருந்த பெட்டிகள் உலகெங்கும் தடுமாறின. மெய்நிகர் ரவுட்டர்களுக்கு இதை இப்படிப் பொருத்திப் பார்க்கலாம்: ஒரு அண்டையிடமிருந்து (அமர்வின் மறுமுனை ரவுட்டரிடமிருந்து) அதிகபட்சம் எத்தனை தடங்களை ஏற்பது என்ற வரம்பு பெரும்பாலான மென்பொருள்களில் இயல்பாக இல்லை. ஐந்து தடங்கள் அனுப்ப வேண்டிய வாடிக்கையாளர் முழு அட்டவணையையும் அனுப்பினால், குறைந்த நினைவகத்தோடு எழுப்பிய மெய்நிகர் ரவுட்டர் அதை விழுங்க முயன்று மூச்சுத் திணறும்.

சரி, கொள்கையை எழுதத்தான் வேண்டும் என்றால் எதை எழுதுவது? நான் விரும்பும் முறையில், தடத்தின் பிறப்பிடத்தை உள்ளே வரும்போதே குறித்துவிட வேண்டும். வாடிக்கையாளரிடமிருந்து வந்ததற்கு ஒரு கம்யூனிட்டி (தடத்தோடு ஒட்டிச் செல்லும் குறி), சக வலையமைப்பிலிருந்து வந்ததற்கு வேறொன்று, மேல்வழங்குநரிடமிருந்து வந்ததற்கு மற்றொன்று. மேல்வழங்குநருக்கும் சக வலையமைப்புக்கும் அறிவிக்கும் கொள்கை, வாடிக்கையாளர் குறி உள்ளவற்றையும் நமது சொந்த முகவரிகளையும் மட்டுமே விட வேண்டும். எழுதும் திசை இங்கே முக்கியம். "மேல்வழங்குநர் குறி இருந்தால் தடு, மற்றதை விடு" என்று எழுதினால், குறியிட மறந்த அமர்வின் தடங்கள் கசியும். "வாடிக்கையாளர் குறி இருந்தால் விடு, மற்றதைத் தடு" என்று எழுதினால், மறந்த அமர்வின் தடங்கள் வெளியே போகாது. வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைப்பார், நாம் சரிசெய்வோம். பாதிப்பு நம் வீட்டுக்குள்ளேயே நிற்கும்.

தடத்தின் மூலத்தைச் சரிபார்க்கும் ஆர்.பி.கே.ஐ. இருக்கும்போது இத்தனை கவலை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அலெகேனி போன்ற ஒரு நிறுவனம் பிறருடைய தடத்தை மாற்றாமல் அப்படியே கடத்திவிட்டால், தடத்தின் மூல எண் (அதை முதலில் அறிவித்த வலையமைப்பின் எண்) சரியாகவே இருக்கும். மூலச் சரிபார்ப்பு அதில் குறை காணாது. அந்த இடைவெளியைத் தொடுவது 2022 மே மாதம் வந்த ஆர்.எஃப்.சி. 9234. அமர்வின் இரு முனைகளும் தாம் வழங்குநரா, வாடிக்கையாளரா, சக வலையமைப்பா என்பதை அமர்வு தொடங்கும்போதே சொல்லிக்கொள்கின்றன. சொன்னவை பொருந்தாவிட்டால் அமர்வே எழாது. பிறகு, வாடிக்கையாளருக்கு மட்டுமே போக வேண்டிய தடங்களில் ஒரு குறியும் சேர்கிறது. அந்தத் தடம் மேல்நோக்கிக் கசிந்தால் பெறுபவர் அடையாளம் கண்டு தள்ளலாம். பேர்ட், எஃப்.ஆர்.ஆர். இரண்டிலும் இது இருக்கிறது. படிம வார்ப்புருவில் அண்டையின் பெயர், எண் ஆகியவற்றோடு இந்தப் பாத்திரத்தையும் நிரப்பியே தீர வேண்டிய கட்டமாக வைப்பது பெரிய வேலை அல்ல.

படிமங்களைப் பராமரிக்கும் குழுக்களிடம் நான் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு புதிய படிமத்தையும் வெளியிடுவதற்கு முன்பு, தானியங்கிச் சோதனையில் அதை இரண்டு பொய்யான அண்டைகளுக்கு நடுவே, கொள்கை எதுவும் எழுதாமல் எழுப்புங்கள். ஒரு பக்கத்திலிருந்து சில தடங்களை அனுப்பி, மறுபக்கத்தில் எண்ணுங்கள். பிறகு ஒரு வி.ஆர்.எஃப்.-ஐ உருவாக்கி, அதன் அட்டவணையில் இல்லாத முகவரிக்கு ஒரு பாக்கெட்டை அனுப்பி, முதன்மை இடைமுகத்தில் அது தெரிகிறதா என்று பாருங்கள். கன்டெய்னர்லேப் போன்ற கருவிகளில் இந்த இரண்டு சோதனைகளையும் எழுத ஒரு பிற்பகல் போதும். இரண்டு எண்ணிக்கைகளும் சுழியம் என்றால் படிமம் வெளியே போகலாம். ஒன்று கூடினாலும் சோதனை சிவப்பாகி, படிமம் களஞ்சியத்துக்குள் ஏறாமல் நிற்க வேண்டும்.